டைம்டேபிள் போட்டும் வேலை இரவு வரை இழுக்கிறது: எங்கே தவறு?

மாலைவெயில்:
வீட்டிலிருந்தே வேலை. பெயருக்கு 9 முதல் 6 வரை; உண்மையில் இரவு 9 ஆகிவிடுகிறது. அரை மணிக்கு ஒரு கட்டம் என்று பிரித்து டைம்டேபிள் போட்டால் முதல் நாள் மதியத்துக்குள்ளேயே அது குலைந்துவிடும். உடற்பயிற்சி, குழந்தையோடு விளையாடுவது, வாசிப்பு எல்லாமே "வேலை முடிந்த பிறகு" என்ற வரிசையில் நிற்பதால் முதலில் அடிபடுவதும் அவைதான். தூக்கத்தைக் குறைக்கும் யோசனை வேண்டாம். எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் டைம்டேபிளில் காலி இடமே இல்லை என்று நினைக்கிறேன். அது குலைவதற்கு அதுவே போதும்.

வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாத இடத்தில், நேரம் நிரம்ப நிரம்பக் காத்திருப்பு தாறுமாறாக ஏறும். வரிசைக் கோட்பாட்டின் (காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணிதம்) மிக எளிய மாதிரியில் இதைக் கணக்கிடலாம். ஒரு வேலைக்குச் சராசரியாக 30 நிமிடம் என்று வையுங்கள். உங்கள் நேரத்தில் 50% நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக 30 நிமிடம் காத்திருக்கும். 80% என்றால் 2 மணி நேரம். 90% என்றால் நாலரை மணி நேரம். 95% ஆனால் ஒன்பதரை மணி நேரம்! நிஜ வாழ்க்கை இவ்வளவு சுத்தமாகக் கணக்குக்குள் அடங்காது, ஆனாலும் போக்கு இதுதான். மாலை 4 மணிக்கு வந்த சின்ன வேலை இரவுக்குத் தள்ளப்படுவது இப்படித்தான்.

ஆகவே 8 மணி நேர வேலைநாளில் ஐந்து அல்லது ஐந்தரை மணி நேரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். மிச்சம் எதிர்பாராததற்கு. ஒன்றும் வராத நாளில் நாளைய வேலையை முன்கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கோளாறு மதிப்பீட்டில். தன் வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே சொல்வார்கள். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குத் "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். தெரிந்துகொள்வதால் மட்டும் இந்தப் பழக்கம் போகாது, அளந்தாக வேண்டும். ஐந்து வேலைநாள்களுக்கு, ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் "இவ்வளவு ஆகும்" என்று எழுதுங்கள். முடித்ததும் ஆன நேரத்தை எழுதுங்கள். ஆன நேரத்தை ஊகத்தால் வகுத்தால் உங்கள் பெருக்கெண் கிடைக்கும், அடுத்த ஊகங்களை அதனால் பெருக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி எடுக்காதீர்கள். மெயில் வேலைக்கு 1.2 வரலாம், யோசித்து எழுதும் அறிக்கைக்கு 1.8கூட வரலாம், வகை வகையாகப் பிரித்தால்தான் பயன். குறிப்பை வேலை மாறும் அந்த நொடியிலேயே எழுத வேண்டும். இரவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பினால் இடையில் போன சிறு சிறு நேரங்கள் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

ஆற்றங்கரை:
பெருக்கெண் நல்ல வழி. ஆனால் நான் மாலையிலிருந்து தொடங்குவேன். முடியும் நேரம் உறுதியாகாதவரை, மிச்சப்படுத்திய ஒவ்வொரு மணியையும் வேலையே விழுங்கிவிடும்.

வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56. வேலை, மதிய இடைவேளையோடு 45. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை நாளுக்கு மூன்றரை மணி என்று வைத்தால் 24.5. மீதி 42.5. இரவு 9 வரை இழுப்பதால் அதில் 15 போய்விடுகிறது, எஞ்சிய 27.5இல் பெரும்பகுதி வார இறுதியில் கிடக்கிறது. வார நாள் மாலை என்பதே உங்களுக்கு இல்லை.

அதனால் 6:30க்கு ஏதாவது ஒன்றை, முடிந்தால் இன்னொருவர் காத்திருக்கும் ஒன்றை, காலண்டரில் போடுங்கள். தனியாகச் செய்யும் உடற்பயிற்சியை எளிதாகத் தள்ளிப்போட்டுவிடலாம். குழந்தை பந்தோடு வாசலில் நின்றால் தள்ள முடியாது.

அலாரத்தை 6 மணிக்கு வைக்காதீர்கள், 5:35க்கு வையுங்கள். 6 மணிக்கு அடித்தால் "இதை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று ஆரம்பித்து முக்கால் மணி போகும். முதல் பத்து நிமிடம், பதில் வராமல் நிற்கும் செய்திகளுக்கு எப்போது செய்து தருவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வேலையைத் தொடங்காதீர்கள். அடுத்த பத்து நிமிடம், பாதியில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் அடுத்த அடியை ஒரு வரியில் எழுதுங்கள். "அறிக்கை முடிக்கணும்" என்று எழுதினால் பயனில்லை. "காலை 9:15, மூன்றாம் பகுதி, ஜூன் மாத எண்களைச் சேர்க்க" என்று எழுத வேண்டும். முடியாத காரியம் மனத்தில் நச்சரிப்பது, அதற்குத் திட்டவட்டமான அடுத்த அடி இருந்தால் குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வு காட்டியது. சாப்பிடும்போதும் ஆபீஸ் நினைப்பாகவே இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கடைசி ஐந்து நிமிடத்தில் லேப்டாப்பை மூடி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

மாலைவெயில்:
நன்றி, இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். ஆனால் மேலாளர் இரவு 8 மணிக்குச் செய்தி அனுப்பினால்?

வெண்ணிலா:
முதலில், இதுவரை இரவில் வந்த செய்திகளில் கடைசிப் பத்தை எடுத்துப் பாருங்கள். மறுநாள் காலை பதில் சொல்லியிருந்தால் உண்மையிலேயே எது கெட்டிருக்கும்? ஒன்றோ இரண்டோ தேறும். அந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் வழி திறந்து வையுங்கள். மேலாளரிடம் பகல் நேரத்தில், நிதானமாக, இப்படிச் சொல்லலாம்: "6 மணிக்குப் பிறகு வரும் செய்திகளை மறுநாள் 9 மணிக்குப் பார்த்துவிடுவேன் சார். அதற்குள் தேவை என்றால் போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்." போன் பண்ணுவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருப்பதால் அவசரம் இல்லாதவை தாமாகவே வடிகட்டப்படும். போனில் "தொந்தரவு செய்யாதே" வசதியை 6 மணிக்குத் தானாக இயங்கும்படி வைத்து, அவருடைய அழைப்பை மட்டும் அனுமதியுங்கள்.

இது பெரும்பாலும் உடைவது நம் பக்கம்தான். ஒரு நாள் இரவு 9 மணிக்குச் சும்மா பார்த்துப் பதில் போட்டுவிட்டால், அடுத்த நாளும் அதையே எதிர்பார்ப்பார்கள். இரவில் ஏதாவது தோன்றி எழுதியே ஆக வேண்டுமானால் காலையில் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள்.

வீட்டுக் கணக்கு பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தால், உங்கள் 6:30 விளையாட்டு இன்னொருவரின் சுமையைக் கூட்டுகிறதா என்று கேளுங்கள். வேலையைப் பாதி பாதியாகப் பிரிக்காமல் முழுசாகப் பிரியுங்கள். "குழந்தையின் தடுப்பூசி" ஒருவர் பொறுப்பு என்றால், தேதியை நினைவு வைப்பது, நேரம் வாங்குவது, அழைத்துப் போவது மூன்றும் அவருடையது. "சொன்னால் செய்கிறேன்" என்றால் நினைவு வைக்கும் பாரம் மற்றவர் தலையிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை 20 நிமிடம் இரண்டு காலண்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மோதல்கள் முன்கூட்டியே தெரியும்.

இவ்வளவும் செய்து மூன்று வாரமாகியும் 6 மணிக்கு முடிக்க முடியவில்லையென்றால், கோளாறு உங்கள் திட்டத்தில் இல்லை. வேலையின் அளவே அதிகம். அப்போது கணக்குப்பிள்ளை சொன்ன குறிப்பு கைகொடுக்கும். கையில் உள்ள வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் உண்மையில் ஆகும் மணிகளையும் ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். "அதிகமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். "மொத்தம் 52 மணி வருகிறது, இருப்பது 40, எந்த 12 மணி வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம்?" என்று கேட்டால் அவர் பட்டியலைப் பார்த்து ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.