அனாமலி – தமிழில் என்ன சொல்லலாம்? (கடலடி எரிமலைப் பாடத்துக்காக, அவசரம்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

இளநிலை மாணவர்களுக்கான புவி இயற்பியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காந்த அளவீடும் ஈர்ப்பு அளவீடும் கொண்டு கடலடி எரிமலைகளையும் கடல்தரைப் பாறையையும் ஆராய்வது பற்றிய பாடம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். மற்ற சொற்களை எப்படியோ சமாளித்துவிட்டேன், ஒரே ஒரு சொல்தான் பக்கத்துக்குப் பக்கம் வந்து வழிமறிக்கிறது: அனாமலி (anomaly), அதாவது அளந்த அளவு எதிர்பார்த்ததிலிருந்து மாறி நிற்பது.

இப்போதைக்கு ‘ஒழுங்கின்மை’ என்று போட்டிருக்கிறேன். காந்த ஒழுங்கின்மை, ஈர்ப்பு ஒழுங்கின்மை. நேற்று வரைவை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி படத்தைக் காட்டி, “கருவியில் என்ன கோளாறு?” என்று கேட்டாள். கப்பல் ஒரு கடலடி மலையைக் கடந்தபோது பதிவான கோடு அது. சமமாக வந்த கோடு மலையை நெருங்கும்போது மெல்ல ஏறி, சட்டென்று சரிந்து, ஒரு பள்ளம் விழுந்து, மறுபடி பழைய மட்டத்துக்கு வருகிறது. கோளாறு எதுவும் இல்லை. அந்த ஏற்றமும் பள்ளமும்தான் செய்தியே. என் சொல்தான் அவளை அப்படி நினைக்க வைத்தது. வேறு சொல் வேண்டும்.

செ.

*

செ. அக்கா,

‘வழு’ போதுமே? இரண்டே எழுத்து. மென்பொருள்காரர்கள் ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள். காந்த வழு, ஈர்ப்பு வழு. படத்தில் குறிக்கவும் இடம் அடைக்காது.

ந.

*

தம்பி ந. அவர்களுக்கு,

வழு என்பதை அவ்வளவு லேசாக எடுத்துவிடக் கூடாது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுவை இலக்கணம் காட்டுகிறது. ஏழிலும் அடிப்படை ஒன்றுதான்: விதி சரி, பேசியவன் தவறினான். ‘அவன் வந்தாள்’ என்பது வழு. கடலுக்கு அடியில் கிடக்கும் பாறை எந்த விதியை மீறியது? உவப்பினால் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறோமே, அங்கேகூட முதலில் குற்றம், பிறகுதான் மன்னிப்பு. பாறைக்கு மன்னிப்பு எதற்கு?

என் பரிந்துரை ‘பிறழ்வு’. பிறழ் என்னும் வினையின் அழகைப் பாருங்கள். நீருக்குள் ஓடும் மீன் ஒரு நொடி புரண்டு ஒளி காட்டிவிட்டு மறைவதும் பிறழ்தல்தான். ஓங்கு பெருஞ்செந்நெலூடு கயல் பிறழ்வதைத் திருப்பாவையிலேயே பார்க்கிறோம். கடலுக்குள் மறைந்திருக்கும் மலை, கோட்டில் ஒரு கணம் புரண்டு தெரிகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நெறி பிறழ்தல் என்னும் பொருள் பின்னால் வந்து ஒட்டியதாக இருக்கலாம், வேர் அசைவுதான். பிறழ், பிறக்கு, புறம், புரள் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் எண்ணம். விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

அன்புடன்,
ப.

*

ஐயா, திருப்பாவையில் ‘கயலுகள’ என்றுதான் இருக்கிறது. உகளுதல், துள்ளுதல். பிறழ அங்கே இல்லை. மீன் பிறழ்வதற்கு வேறு சான்றுகள் உண்டு, பொருளும் நீங்கள் சொன்னதுதான். பாடம் அச்சாகிறது என்பதால் குறிப்பிடுகிறேன்.

கு.

*

கு. அம்மா சொன்னது சரி. நினைவிலிருந்து எழுதினேன், திருத்திக்கொள்கிறேன். பிறழ்வுக்கு என் வாக்கு மாறவில்லை.

ப.

*

வணக்கம். கப்பலில் இந்தக் கருவிகளோடு பல பருவங்கள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொருள் பிடிபடாமல் சொல் தேடினால் சுற்றிக்கொண்டேதான் இருப்போம்.

காந்தமானியைக் கப்பலுக்குப் பின்னால் 200, 300 மீட்டர் கம்பிவடத்தில் கட்டி இழுத்துப் போவோம். மீன் என்றுதான் அதைக் கூப்பிடுவோம் (ப. ஐயா மகிழ்வார்). கப்பலின் இரும்பு அளவைக் கெடுக்காமல் இருக்கத்தான் அவ்வளவு தூரம். புவியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். கடலடி மலை ஒன்று அதில் கூட்டுவதோ குறைப்பதோ பெரும்பாலும் சில நூறு நானோடெஸ்லாதான். ஆகவே அந்த இடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அளந்ததிலிருந்து அதைக் கழிக்கிறோம். கழித்த பிறகு கையில் நிற்பதுதான் அனாமலி.

ஈர்ப்பிலும் இதே கழித்தல்தான். ஈர்ப்புமானி கப்பலுக்குள், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், தன்னைத்தானே மட்டம் பிடித்துக்கொள்ளும் மேடையில் இருக்கும். புவியீர்ப்பு மொத்தம் சுமார் 9,80,000 மில்லிகேல் (ஈர்ப்பை அளக்கும் அலகு). பெரிய மலை ஒன்று அதில் 100, 200 மில்லிகேல் கூட்டினாலே பெரிது. கப்பல் கிழக்கே போனால் ஈர்ப்பு குறைந்ததாகக் காட்டும், மேற்கே போனால் கூடியதாகக் காட்டும். நிலநடுக்கோட்டில் ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்துக்கு 7.5 மில்லிகேல். அதையும் திருத்தியாக வேண்டும். இவ்வளவையும் கழித்துத் திருத்திய பிறகு மிஞ்சுவதைத்தான் நாம் படிக்கிறோம்.

இப்போது ‘ஒழுங்கின்மை’க்கு வருகிறேன். செ. அம்மா, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். கடல்தரையில் காந்த அனாமலிகள் எப்படிக் கிடக்கின்றன தெரியுமா? நடுக்கடல் முகட்டின் (புதிய கடல்தரை உருவாகும் கடலடி மலைத்தொடர்) இருபுறமும், கண்ணாடியில் பார்த்ததுபோல, வரிவரியாக. புவிக்காந்தம் திசை மாறும் ஒவ்வொரு முறையும், அப்போது முகட்டில் குளிர்ந்த எரிமலைப்பாறை அந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடைசியாக முழுதாகத் திசை மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். 1963இல் வைன், மேத்யூஸ் என்னும் இரண்டு பிரிட்டிஷ் புவியறிவியலாளர்கள் இதை விளக்கினார்கள். கனடாவின் லாரன்ஸ் மார்லி தனியாக இதே முடிவுக்கு வந்தும் அவர் கட்டுரை ஏற்கப்படவில்லை. வைன், மேத்யூஸ் கையில் இருந்தது நம் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் எடுத்த அளவீடு. அங்கே எரிமலை போன்ற இரண்டு மேடுகள். ஒன்று இன்றைய புலத்தின் திசையில் காந்தமேறியது, மற்றது எதிர்த்திசையில். அக்கம்பக்கத்து மலைகள், ஒன்றுக்கொன்று எதிரான காந்தம். அங்கே ஒழுங்கு இருக்கிறது என்று கண்டுகொண்டதால்தான் கடல்தரை விரிகிறது என்பதற்கே சான்று கிடைத்தது. அதன் பெயரை ஒழுங்கின்மை என்று எழுதுவது அந்தக் கண்டுபிடிப்பையே மறுப்பதுபோல் இருக்கிறது.

மா.

*

மா. அண்ணா, மிக்க நன்றி. ‘கழித்த பிறகு கையில் நிற்பது’ என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ‘எச்சம்’ தோன்றியது. காந்த எச்சம், ஈர்ப்பு எச்சம். வினையெச்சம், பெயரெச்சம் எல்லோரும் படித்ததுதான். பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்பார்கள், சூழலில் புரிந்துவிடும். இதில் குற்றம் சாட்டும் தொனியும் இல்லை. சரியா?

செ.

*

செ. அம்மா, எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, பாறை குளிரும்போது பிடித்து வைத்துக்கொள்ளும் காந்தத்தை எஞ்சு காந்தம் என்று எழுதுகிறோம். உங்கள் பாடத்தில் அது கட்டாயம் வரும், ஏனென்றால் எரிமலைப்பாறையில் பெரும்பங்கு அதுதான். அந்தப் பாறையில் உள்ள மேக்னடைட் என்னும் கனிமம் 580 செல்சியசுக்கு மேல் காந்தத்தை இழந்துவிடும், அதற்குக் கீழே வரும்போது புலத்தின் திசையைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சு காந்தத்தால் வரும் காந்த எச்சம் என்று எழுதினால் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே படிப்பார்.

இரண்டு, அனாமலியிலிருந்து பரந்த வட்டாரப் போக்கைக் கழித்து, மலைக்கு மட்டும் உரியதைத் தனியே எடுப்போம். எச்சம் என்னும் சொல் அதற்குத்தான் வேண்டும்.

மா.

*

அப்படியானால் ‘மிகைகுறை’. குணம் நாடிக் குற்றமும் நாடி, அவற்றுள் மிகை நாடி மிக்க கொளல் என்பதும் இதே கணக்குத்தானே? கூடினால் மிகை, குறைந்தால் குறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். கலைச்சொல் என்றால் புரிய வேண்டும் ஐயா, கயல் புரள வேண்டியதில்லை.

ந.

*

தம்பி, புரிய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘மிகைகுறைப் படம்’, ‘மிகைகுறை வரி’, ‘மிகைகுறையின் மிகைப் பகுதி’ என்று எழுதிப் பாருங்கள். உம்மைத்தொகையை வைத்துக்கொண்டு மேலே மேலே தொகை கட்ட முடியாது. கலைச்சொல் வித்து மாதிரி, அதிலிருந்து பத்துச் சொல் முளைக்க வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. கடலடி எரிமலை என்று எழுதுகிறீர்கள். தண்ணீருக்குள் எது எரிகிறது? கடலுக்கு அடியில் பெண்குதிரை முகத்தோடு கிடக்கும் தீயை நம் இலக்கியம் வடவை என்று அழைக்கிறது. வடவைக்குன்று என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ப.

*

ஐயா, வடவை வடமொழிச் சொல். தனித்தமிழ் பேசும் நீங்களே அதை முன்வைக்கிறீர்கள். பொருள் தெரியாதவர் வடக்கே உள்ள குன்று என்றுதான் நினைப்பார்.

கு.

*

எரிமலையை விட்டுவிடுங்கள் ஐயா, எரிமலை எரிமலையாகவே இருக்கட்டும். நிலத்திலும் அது விறகுபோல எரிவதில்லை.

ந.வின் மிகைகுறைக்கு என் தயக்கம் வேறு. மிகை என்றால் அடியில் மலை, குறை என்றால் அடியில் பள்ளம் என்று மாணவர் பிடித்துக்கொள்வார். காந்த நடுக்கோட்டை ஒட்டிய கடலில், இன்றைய புலத்தின் திசையிலேயே காந்தமேறிய மலைக்கு நேர் மேலே கோடு தாழும், வடக்கிலும் தெற்கிலும் சற்று உயரும். இன்னொன்று, எரிமலை உச்சியில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தால் அந்தச் சூட்டு நீர் மேக்னடைட்டை அரித்துவிடும், உச்சியிலேயே காந்தம் குன்றிய ஒரு வட்டம் தெரியும். அந்தக் குறைதான் ஊற்று இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கிறது. ஈர்ப்பிலும் உண்டு. வங்காள விரிகுடாவில் 85 பாகை கிழக்கு முகடு என்று ஒரு மலைத்தொடர் படிவுகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. முகடுதான், ஆனால் மேலே ஈர்ப்புக் கோடு குழிந்து ஓடுகிறது. இப்படி இருக்கும்போது குறியையே பெயராக வைத்தால் ஏமாற்றும்.

ஈர்ப்பு எடையைச் சொல்கிறது, காந்தம் பாறையின் வரலாற்றைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் எங்களுக்கு வேலையே தொடங்குகிறது.

என் சொல் ‘வேறுபாடு’. அளந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவுதான். ‘விலகல்’ வேண்டாம், ஒளிவிலகல் குறுக்கே வரும். ‘திரிபு’ம் வேண்டாம், பொறியியலில் அதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது.

மா.

*

மா. அண்ணா, வேறுபாடு தெளிவாக இருக்கிறது, ஆனால் பாடத்தில் அடர்த்தி வேறுபாடு, வெப்பநிலை வேறுபாடு என்று பக்கத்துக்கு நாலு வேறுபாடு வருகிறதே. ‘அடர்த்தி வேறுபாட்டால் ஈர்ப்பு வேறுபாடு’ என்று எழுதிப் பார்த்தேன், எது காரணம், எது அளவு என்று எனக்கே தடுமாறியது.

இன்னொரு சந்தேகம், கேட்டே விடுகிறேன். ஈர்ப்பு அளவீட்டில் செய்யும் ‘ஃப்ரீ ஏர்’ (free-air) திருத்தத்தை முன்பு யாரோ ‘கட்டற்ற காற்று’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். காற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செ.

*

சம்பந்தமே இல்லை. நிலத்தில் அளக்கும்போது, நாம் நிற்கும் உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்து, நமக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவில் இருக்கும் பாறையை இல்லாததுபோல விட்டுவிடுவது அது. அந்தப் பாறையையும் சேர்த்துக் கழித்தால் பூகேர் திருத்தம். கடலில் அளப்பதே கடல்மட்டத்தில் என்பதால் முதல் திருத்தம் ஏறக்குறையச் சுழிதான். இரண்டாவதில், கடல்நீர் இருக்கும் இடத்தில் பாறை இருப்பதாக வைத்து நிரப்பிப் பார்ப்போம். ‘உயரத் திருத்தம்’ என்று எழுதுங்கள், காற்றை விட்டுவிடுங்கள்.

மா.

*

எல்லாரும் இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் ‘அனாமலி’ என்றே எழுதினால் என்ன? மேக்னடைட், டெஸ்லா எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன? மேற்படிப்பில் அந்தச் சொல்லைத்தான் சந்திக்கப் போகிறார்கள்.

ந.

*

டெஸ்லா ஓர் ஆளின் பெயர், மேக்னடைட் ஒரு கனிமத்தின் பெயர். அனாமலி ஒரு கருத்து. கருத்துக்குச் சொல் இல்லாவிட்டால் பிள்ளை அதை மனப்பாடம்தான் செய்வான், யோசிக்க மாட்டான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் தம்பி, அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

ப.

*

நண்பர்களே,

இன்று வியாழன் மாலை. பிறழ்வுக்கு ப. ஐயா, கு. அம்மா, நான். வேறுபாட்டுக்கு மா. அண்ணா. ந. அனாமலியில் நிற்கிறார். ‘காந்தப் பிறழ்வு’, ‘ஈர்ப்புப் பிறழ்வு’ என்று போடுகிறேன். ந.வின் மிகை, குறை இரண்டையும் விடவில்லை, படக்குறிப்புகளில் மிகைப் பிறழ்வு, குறைப் பிறழ்வு என்று வருகின்றன. முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்தேன்: “அளந்த மதிப்பிலிருந்து அந்த இடத்தில் எதிர்பார்க்கும் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது.” அந்த வரி மா. அண்ணாவுடையது. அதே மாணவியிடம் படத்தைக் காட்டினேன். “அப்படியென்றால் இந்தப் பள்ளம் மலையால் வந்ததா?” என்று கேட்டாள்.

செ.

*

விளக்க வரி இருக்கும்வரை எனக்குச் சம்மதம். ஆனாலும் பிறழ்வு என்பதில் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது என்ற வாடை இருக்கத்தான் செய்கிறது. நகர வேண்டியது நம் எதிர்பார்ப்பு, பாறை இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.

மா.

*

பிறழ், புரள், புறம் பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று. ஞாயிறு அனுப்புகிறேன்.

ப.