4 ஒர்க்கர், 4 கேச்: எல்லோருக்கும் பொதுவான ஒரே கேச்சை எங்கே வைப்பது?

வணக்கம், காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் விற்கிற அண்ணன் ஒருவருக்கு ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன், பைதானில்; எழுதியது ஃப்ளாஸ்க்கில், சர்வரில் ஓட்டுவது குனிகார்ன், 4 ஒர்க்கர், அதாவது ஒரே ப்ரோக்ராம் 4 தனி ப்ராசஸாக ஓடுகிறது. டிசைன் வாரியான விலையையும் இருப்பையும் கேட்டு ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போக வேண்டாமே என்று ஒரு டிக்‌ஷனரியில் போட்டு மெமரியிலேயே வைத்தேன், அதுதான் என் கேச். லேப்டாப்பில் ஒரே ப்ராசஸ், அருமையாக ஓடியது. சர்வரில் ஏற்றிய பிறகுதான் கூத்து. அண்ணன் விலையை மாற்றினால் ஒரு ரீஃப்ரெஷில் புது விலை, அடுத்ததில் பழைய விலை!

காரணம் புரிகிறது. நம்ம ஊர் பெரிய வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிப் பூட்டு மாதிரி, ஒவ்வொரு ஒர்க்கருக்கும் தனி மெமரி. ப்ரீலோடும் (ஒர்க்கர்கள் பிரியும் முன்பே ஆப்பை ஏற்றிவிடும் குனிகார்ன் வசதி) போட்டுப் பார்த்தேன், ஃபோர்க் ஆகும்போது, அதாவது ஒர்க்கர்கள் பிரியும்போது, இருந்ததுதான் எல்லோருக்கும் கிடைக்கிறது, அப்புறம் ஒருவர் மாற்றுவது மற்றவருக்குப் போவதில்லை. ஒரே ஒர்க்கர், அதற்குள் ஒரே மெமரியைப் பகிரும் நிறைய த்ரெட் என்றால் சரியாகும், ஆனால் அது ஒதுங்கிப் போவதாகப் படுகிறது.

சர்வரில் 1 ஜிபி ராம்தான். எல்லா ஒர்க்கரும் பகிரும்படி மெமரியில் டேட்டா வைக்கும் தனி சர்வர்களான ரெடிஸா, மெம்கேஷ்டா, இல்லை இத்தனூண்டு டேட்டாவுக்கு எஸ்க்யூலைட் ஃபைலே போதுமா? இன்னொன்று, கேச் காலாவதியாகும் நொடியில் 4 பேரும் சேர்ந்து டேட்டாபேஸ் மேல் விழாமல் இருக்க ரெடிஸில் என்எக்ஸ் (அந்தப் பெயரில் ஏற்கெனவே எதுவும் இல்லாவிட்டால் மட்டும் எழுதும் ஆப்ஷன்) போட்டு, ஒருவர் மட்டும் போகும்படி லாக் வைக்கலாம் என்கிறார்கள், அந்த லாக்கைப் பிடித்த ஒர்க்கர் நடுவில் செத்துப்போனால்? காலாவதி நேரம் எவ்வளவு வைக்கிறீர்கள்? ஓடுகிற கோடு ஏதாவது இருந்தால் கொஞ்சம் போடுங்களேன்.