தெருவே குறுகலா இருக்குற சிட்டில சைக்கிள எப்படி கொண்டு வர்றாங்க?

கேள்வி:
சைக்கிள் சிட்டின்னாலே எல்லாரும் அகலமான தனி ட்ராக் போட்டோவ தான் காட்டுறாங்க. வீடு, கடை, ஸ்கூல் எல்லாம் நெருக்கியடிச்சு இருக்குற இடத்துல தெருவே நாலு மீட்டர் தான், ட்ராக்குக்கு எங்க போறது? டோக்கியோல தனி லேன் ரொம்ப கம்மி, ஆனாலும் முன்னாடி ஒரு குழந்தை பின்னாடி ஒரு குழந்தைன்னு உக்கார வச்சுக்கிட்டு அம்மாங்க சர்வசாதாரணமா போறாங்க. இது எப்படி முடியுது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்களேன்.

பதில் 1:
ரோட்ட விட பார்க்கிங் சட்டத்த பாருங்க ப்ரோ, விஷயமே அங்க தான் இருக்கு. 1962ல ஜப்பான்ல ஒரு சட்டம் போட்டாங்க, கார் வாங்கணும்னா அத நிறுத்த தெருவ விட்டு வெளிய இடம் இருக்குன்னு காட்டி போலீஸ்கிட்ட சர்டிபிகேட் வாங்கணும், ராத்திரி பூரா தெருவோரமா விட்டுட்டு போற கதையெல்லாம் நடக்காது. அதனால சின்ன தெருல கார் வரிசையே கிடையாது, அந்த நாலு மீட்டரும் நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும் கிடைக்குது, கார் வந்தாலும் மெதுவா தான் வந்தாகணும். நிறைய பேர் ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அதுக்கு மேல ட்ரெயின். இப்படி எல்லாரும் கொண்டு வந்து விட்டதுல 70கள்ல ஸ்டேஷன் வாசலே அடைச்சுக்கிச்சு, அப்புறம் தான் பெருசு பெருசா ஸ்டாண்ட் கட்டுனாங்க. டோக்கியோல இருக்குற கசாய் ஸ்டேஷன்ல மெஷினே சைக்கிள தரைக்கடியில இழுத்து அடுக்கி வச்சிடும், மொத்தம் 9,400 சைக்கிள் நிக்கும்!

பதில் 2:
பார்க்கிங் மேட்டர் கரெக்ட் தான், ஆனா டோக்கியோவ அப்படியே காப்பி அடிக்காதீங்க, மெயின் ரோட்டுல ஜனங்க பயந்துக்கிட்டு சைக்கிள நடைபாதைல ஏத்துறாங்க, நடக்குற பெரியவங்களுக்கு அது ஆபத்து. மெயின் ரோட்டுக்கு நெதர்லாந்து முறை தான் சரி. அவங்க ஜங்ஷன்ல மூலைக்கு மூலை ஒரு கல் திட்டு வச்சு, சைக்கிள் கிராஸ் பண்ற இடத்த ஒரு கார் நீளத்துக்கு உள்ள தள்ளி வச்சிருப்பாங்க. திரும்புற கார் திரும்பி முடிச்சு நேரா நிக்கும், சைக்கிள் கண்ணு முன்னாடியே தெரியும். ஜங்ஷன சரி பண்ணாம லேனுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா நம்பி குழந்தைய அனுப்ப முடியுமா சொல்லுங்க. 1971ல அங்க ரோட்டுல செத்தவங்க 3,000க்கு மேல, அதுல 400க்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க தெருல இறங்கி போராடுன பிறகு தான் எல்லாம் மாறுச்சு, சும்மா வந்ததில்ல.

பதில் 3:
நெதர்லாந்துல இருக்குற உட்ரெக்ட் சிட்டிய விட்டுட்டீங்களே. ஸ்டேஷனுக்கு அடியில 12,500 சைக்கிள் நிக்குற ஸ்டாண்ட், முதல் 24 மணி நேரம் ஃப்ரீ, உள்ளயே ஓட்டிட்டு போய் விட்டுட்டு அப்படியே ட்ரெயின் ஏறலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி மக்களே. ஆனா ஏற்கனவே தெருவோரம் கார் நிறுத்தி பழகிட்ட சிட்டில என்ன பண்றது? திடீர்னு எடுன்னா சண்டைக்கு வருவாங்களே.

பதில் 2:
ஆம்ஸ்டர்டாம்ல யார்கிட்ட இருந்தும் பிடுங்கல. யாராச்சும் வீடு மாறிப் போனாலோ கார வித்தாலோ அவங்களோட தெருவோர பார்க்கிங் பெர்மிட்ட வேற ஆளுக்கு குடுக்காம விட்டு, காலியாகுற இடத்த மரத்துக்கும் சைக்கிளுக்கும் நடைபாதைக்கும் குடுக்குறதா 2019ல திட்டம் போட்டாங்க, 2025க்குள்ள 11,000 இடம் வரைக்கும் குறைக்கணும்னு. நாள் ஆகும் தான், ஆனா எந்த ஊர்லயும் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.