ஜப்பான் டீபாட் எது வாங்கலாம்? அவசரம், உதவி வேணும்

செந்தில்_கே:
வணக்கம். வீட்ல கிரீன் டீ போட நல்ல ஜப்பான் டீபாட் ஒண்ணு வாங்கணும். இப்ப இருக்கிறதுல போட்டா ஒரே கசப்பு. பாட்டோட மூக்குல வேற அடைச்சுக்குது, கவுத்தா சொட்டு சொட்டாத்தான் இறங்குது. எது நல்லது? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆள் வர்றாங்க, அதுக்குள்ள வாங்கியாகணும். சட்டுனு சொல்லுங்க.

இலைப்பிரியை:
என்ன டீ? செஞ்சாவா (சாதாரண ஜப்பான் கிரீன் டீ), ஹோஜிச்சாவா (வறுத்த இலை)? எத்தனை பேருக்கு? இப்ப இருக்கிற பாட் எப்படிப்பட்டது? எவ்வளவு செலவு பண்ணலாம்னு இருக்கீங்க? இதெல்லாம் தெரியாம எதைன்னு சொல்றது?

குன்னூர்க்காரன்:
பாத்திரம் அப்புறம். முதல்ல தண்ணியப் பாருங்க. போர் தண்ணியில எவ்வளவு ஒசத்தியான கிரீன் டீ போட்டாலும் கலங்கலாத்தான் வரும், வாசனையே எழும்பாது. கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலா இருந்தா இலைச்சாறு ஒழுங்கா இறங்காது. கேன் தண்ணியில ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

மண்வாசம்:
ஜப்பான்ல டோகோநாமே ஊர்ல செய்யற கியூசுதான், அதாவது அவங்க ஊர் சின்ன டீபாட். உள்ளயும் வெளியவும் மெருகுப் பூச்சு இல்லாத செம்மண் பாட். அந்த மண்ணுல இரும்பு ஜாஸ்தி, அது டீயோட துவர்ப்பை இழுத்துக்கும். எங்க வீட்ல பீங்கான்ல போட்டா ஒரு ருசி, இதுல போட்டா ஒரு ருசி. சுங்கவரி கட்டி வரவழைச்சாலும் நஷ்டமில்லை. மூக்கு உடையாம வந்து சேரணும், அவ்வளவுதான் கவலை.

டீ_வாத்தியார்:
இந்தக் கேள்வி வராத மாசம் கிடையாது. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிருந்தால் பாதிக்கு மேல் விடை கிடைத்திருக்கும். பரவாயில்லை, அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

டீதான் பாட்டை முடிவு செய்யும். நிழலில் வளர்த்த கியோகுரோ டீக்கு 50–60 டிகிரி தண்ணீர், சின்னஞ்சிறு பாத்திரம். கைப்பிடியே இல்லாத ஹோஹின் போதும், அந்தச் சூட்டில் கை சுடாது. செஞ்சாவுக்கு 70–80 டிகிரி, பக்கவாட்டில் பிடி வைத்த கியூசு. ஹோஜிச்சாவுக்கும் வறுத்த அரிசி கலந்த கென்மாய்ச்சாவுக்கும் கொதிக்கிற தண்ணீரே ஊற்றலாம், மேலே வளைந்த பிடி உள்ள பெரிய பாட் தோது. மச்சா என்ற டீப் பொடி குடிப்பவருக்கு டீபாட்டே வேண்டாம், கிண்ணத்தில் போட்டு மூங்கில் தூரிகையால் அடிப்பதுதான் முறை. இவர் எதைக் குடிக்கிறார் என்றே சொல்லவில்லை. அதற்குள் ஒருவர் தண்ணீரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் மண்ணை மாற்றச் சொல்கிறார்.

ராஜி_அம்மா:
இரும்பு டீபாட் வாங்குங்க தம்பி. கறுப்பா, மேல புள்ளி புள்ளியா இருக்குமே, அது. ஜப்பான்ல காலங்காலமா அதுலதான் தண்ணி காய்ச்சறாங்க. ரத்தசோகைக்கு ரொம்ப நல்லது.

செந்தில்_கே:
எல்லாருக்கும் நன்றி. சுங்கவரியெல்லாம் வேண்டாம், நான் நகோயாவுலதான் இருக்கேன். குழாய்த் தண்ணிதான். ரெண்டு பேர். டீ ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் குடுத்தது, ககேகாவா ஊர் டீன்னு சொன்னார். இலை தூள் தூளா இருக்கு. பாட் பீங்கான், பெருசு, மூக்குக்கு அடியில மூணு பெரிய ஓட்டை. கெட்டில் கொதிச்சதும் ஊத்தறேன். வேற என்ன சொல்லணும்?

இலைப்பிரியை:
நகோயாவா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. டோகோநாமே உங்களுக்குப் பக்கத்து ஊரு. விமான நிலையம் போற மெய்டெட்சு ரயில்லயே போய் இறங்கலாம். எல்லா ரயிலும் அங்க நிக்காது, பாத்து ஏறுங்க.

ககேகாவா, தூள் தூளான இலைன்னா அது ஃபுகாமுஷியாத்தான் இருக்கும். பறிச்ச இலையை வழக்கத்தை விட ரெண்டு மூணு மடங்கு நேரம் ஆவியில விடுவாங்க. இலை மெத்துனு ஆகி, உருட்டும்போது நொறுங்கிடும். அந்தத் தூள்தான் உங்க மூணு ஓட்டையிலயும் போய் உக்காந்துக்குது. டீ இறங்க நேரமாகுது, அந்த நேரம் முழுக்க இலை வெந்நீர்லயே ஊறுது, அதனால கசக்குது. உங்க ரெண்டு பிரச்சினைக்கும் வேர் ஒண்ணுதான்.

குன்னூர்க்காரன்:
ஜப்பான் குழாய்த் தண்ணி பெரும்பாலும் மென்மையானதுதான். அப்ப தண்ணி இல்லை. கொதிக்கக் கொதிக்க ஊத்தறதுதான் காரணம். சூடு ஏற ஏற கேட்டகின் அதிகமா இறங்கும், கசப்பும் துவர்ப்பும் அதுதான். தித்திப்பைத் தர்ற தியானின் கம்மிச் சூட்டுலயே கரைஞ்சு வந்துடும். கெட்டில் தண்ணிய டம்ளர்ல ஊத்தி ஒரு ஆத்து ஆத்துங்க. பாத்திரம் மாறி ஊத்துற ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு டிகிரி இறங்கும். மூணு மாத்துக்கு 75 கிட்ட வந்துடும். தெர்மாமீட்டரே தேவையில்லை.

டீ_வாத்தியார்:
ராஜி அம்மாவின் கருத்தை அப்படியே விட முடியாது. நீங்கள் சொல்வதில் இரண்டு பாத்திரங்கள் கலந்துவிட்டன. தண்ணீர் காய்ச்சுவது டெட்சுபின். இவாத்தே மாகாணத்து ‘நம்பு’ வார்ப்பிரும்பு இதில் பேர்போனது, உள்ளே பூச்சு கிடையாது, அதில் இலை போடக் கூடாது. டீ ஊறப்போடும் இரும்பு பாட்டுக்கு உள்ளே எனாமல் பூச்சு இருக்கும். அதை அடுப்பில் வைக்கக் கூடாது, அதிலிருந்து இரும்பு ஒரு துளியும் இறங்காது. வாங்குவதற்கு முன் இதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜி_அம்மா:
பூச்சு இல்லாததைத்தான் சொன்னேன். அதுல தண்ணி காய்ச்சி டீ போட்டா இரும்புச்சத்து சேருமா சேராதா?

மருந்தாளுநர்_வி:
தண்ணியில இரும்பு இறங்கறது உண்மைதான் அம்மா. ஆனா டீயில இருக்கிற டானின் அந்த இரும்பைப் பிடிச்சுக்கும், உடம்புக்குள்ள போறது குறைஞ்சிடும். அந்தத் தண்ணிய வெறும் வெந்நீரா குடிச்சா பலன் கூடுதல். ரத்தசோகை உள்ளவங்க சாப்பாட்டை ஒட்டி டீ குடிக்காம, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கறது நல்லது.

மண்வாசம்:
டானினும் இரும்பும் பிடிச்சுக்கும்னு நீங்களே சொல்றீங்க. அதைத்தானே நானும் செம்மண் பாட்டுக்குச் சொன்னேன்!

டீ_வாத்தியார்:
சுட்ட மண்ணில் கட்டுண்ட இரும்பும் தண்ணீரில் கரைந்த இரும்பும் ஒன்றல்ல. டோகோநாமே மண் நன்றாக இறுகும்படி சுடப்படுவது. ஒரு நிமிடம் ஊறும் டீயில் அது பெரிதாக எதையும் மாற்றாது என்பது என் கருத்து. அந்த ஊர் கியூசுவின் பெருமை வேலைப்பாட்டில் இருக்கிறது. மூடியையும் வாயையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவார்கள், காற்றுகூடப் புகாத மாதிரி உட்காரும். மூடியின் துளையை விரலால் அடைத்தால் ஊற்றும் டீ நின்றுவிடும். 1878இல் சீனத்திலிருந்து ஜின் ஷிஹெங் என்பவரை வரவழைத்து, யிஷிங் என்ற சீன ஊரின் டீபாட் செய்யும் முறையைக் கற்றுக்கொண்ட ஊர் அது. 1998இல் அந்த ஊர்க் குயவர் மூன்றாம் யமாதா ஜோசான் கியூசு செய்ததற்காகவே, ஜப்பான் அரசு தேர்ந்த கைவினைஞர்களுக்குத் தரும் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற சிறப்பைப் பெற்றார்.

மண்வாசம்:
ஒரே இலை, ஒரே தண்ணி வச்சு ரெண்டு பாட்லயும் போட்டுக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

யாழினி_ரொறன்ரோ:
தம்பி செந்தில், நானும் ஃபுகாமுஷிதான் பாவிக்கிறனான். உங்களுக்கு வேண்டியது நல்ல வடி. உள்ளுக்குச் சுத்திவர மெல்லிய எவர்சில்வர் வலை பொருத்தின கியூசு இருக்கு, ஒபிஅமி எண்டு கேளுங்கோ. மண்ணிலேயே நுணுக்கமா ஓட்டை போட்ட சசாமே வடியும் நல்லது, ஆனால் தூள் கூட எண்டால் சிலவேளை அடைக்கும். கூடை மாதிரித் தூக்கி எடுக்கிற வலை வேண்டாம், இலை விரிய இடம் காணாது.

ரெண்டு பேருக்கு 250, 300 மில்லி காணும். அஞ்சு கிராம் இலை, 200 மில்லி தண்ணி, முக்கால் நிமிசம். ரெண்டு கோப்பையிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்கோ, அப்பதான் ரெண்டும் ஒரே கடுப்பில வரும். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்தி முடிக்க வேணும். பெரிய பாட்டில மிச்சம் விட்டால் ரெண்டாம் தேத்தண்ணி கசக்கத்தான் செய்யும்.

செந்தில்_கே:
ஒபிஅமி, 280 மில்லி, எழுதி வச்சுக்கிட்டேன். கடையில ஒண்ணைப் பிடிச்சுப் பாத்தேன், மணிக்கட்டு ஒரு மாதிரி முறுக்குது. நான் இடது கை. அதனாலயா?

இலைப்பிரியை:
அதனாலதான்! பக்கப்பிடி கியூசு பெரும்பாலும் வலது கைக்குன்னு செஞ்சது. வலது கையால பிடியைப் பிடிச்சு, கட்டைவிரலால மூடியை அமுக்கி, மணிக்கட்டை லேசாத் திருப்பினாலே ஊத்தும். இடது கையால பிடிச்சா மணிக்கட்டை எதிர்ப்பக்கமா முறுக்கித்தான் ஊத்தணும். இடது கைப்பிடி வச்சும் டோகோநாமேல செய்யறாங்க, எல்லாக் கடையிலயும் இருக்காது, கேட்டு வாங்கணும். கிடைக்கலைன்னா பிடி பின்பக்கம் இருக்கிற பாட் எடுங்க, எந்தக் கைக்கும் சரியா வரும். வாங்கறதுக்கு முன்னாடி மூடிமேல விரல் வச்சு, ஊத்துற மாதிரி சாய்ச்சுப் பாருங்க.

டீ_வாத்தியார்:
இடது கை என்பது முதல் பதிவிலேயே வந்திருக்க வேண்டிய விவரம்.

செந்தில்_கே:
சனிக்கிழமை டோகோநாமே போயிட்டு வந்தோம். மூணாவது கடையில இடது கைப்பிடி கிடைச்சது. செம்மண், ஒபிஅமி, 270 மில்லி. தண்ணிய ஆத்தித்தான் ஊத்தறேன். அடைக்கலை, கசக்கலை. வந்தவங்க ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. எல்லாருக்கும் நன்றி.

மண்வாசம்:
செம்மண்! பழைய பீங்கான்லயும் அதே டீயை அதே சூட்டுல ஒரு தடவை போட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்.

நிலா_ஓசகா:
எனக்கும் இடது கைதான். அந்தக் கடை சாலையோரமா, மண்பாண்ட நடைபாதைக்குள்ளயா? விலை எவ்வளவு ஆச்சு? சோப்புப் போட்டுக் கழுவலாமா?

யாழினி_ரொறன்ரோ:
சோப்பு வேண்டாம் பிள்ளை, மண்ணில மணம் ஏறிடும். இலையைக் கொட்டி வெந்நீர் விட்டு அலசி, மூடியைத் திறந்து வச்சுக் காய விடுங்கோ. வலையில தூள் ஒட்டினால் மூக்குப் பக்கத்தால தண்ணி விட்டால் வந்திடும். மற்றதைச் செந்தில் வந்தால்தான் கேக்கலாம்.