3ஜி போன இடத்தில் 4ஜி: சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) சிக்னல் எடுக்குமா?

காங்கேயத்தான்: 2013-இல் வாங்கிய 3ஜி டாங்கிள் (கணினியில் செருகும் இணையக் கருவி) செத்துவிட்டது. அந்த அலைவரிசையில் இப்போது 4ஜி ஓடுகிறதாம். தேங்காய் விலை பார்க்க அய்யன் வரப்பு மேட்டுக்கு நடக்கிறார். புது டாங்கிள் வாங்கினால் சாளைக்குள் எடுக்குமா?

பொள்ளாச்சிக்காரி: அலைவரிசையைப் பாருங்கள் அண்ணா. 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2100-க்கு அந்தத் தெம்பு இல்லை.

கோபி மஞ்சள்: தூரம் சரி, வேகம்? அது அலைவரிசைத் துண்டின் அகலத்தைப் பொறுத்தது. 5 மெகாஹெர்ட்ஸ் துண்டில் ஏட்டுக்கணக்கே நொடிக்கு 37 மெகாபிட்தான். அதையும் ஊரே பங்கிடும். 2ஜி அழைப்புக்கும் கொஞ்சம் ஒதுக்கவேண்டும்.

காங்கேயத்தான்: இங்கே வரும் 4ஜியைக் கைப்பேசி ‘பேண்ட் 8’ என்கிறது.

பொள்ளாச்சிக்காரி: அதுதான் 900. டாங்கிள் பெட்டியில் 4ஜிக்கு ‘பேண்ட் 8’ என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.