குடும்பக் குழுவில் ‘ரன்’

கவின்: மாமா, ஒரு சந்தேகம். 2020 தேர்தலில் கமலா ஹாரிஸ், பைடனின் ‘ரன்னிங் மேட்’ என்று படித்தேன். கூடவே ஓடினாரா?

மீனா: காலையிலிருந்து இதையே கேட்டு உயிரை எடுக்கிறான். அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.

சங்கர்: முதலில் கூட ஓடியது குதிரைடா. ஜெயிக்க வேண்டிய குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்க, அதே லாயத்திலிருந்து இன்னொன்றையும் பந்தயத்தில் இறக்குவார்கள். அதன் பெயர்தான் ரன்னிங் மேட். அப்புறம் அது துணை அதிபர் வேட்பாளருக்கு ஒட்டிக்கொண்டது.

லதா: பாவம், துணை அதிபர் 😄

சங்கர்: அமெரிக்காவில்தான் தேர்தலுக்கு ‘ரன்’. பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’.

தாத்தா: நம் ஊரிலும் நிற்கத்தானே செய்கிறார்கள். ஜெயித்த பிறகுதான் ஓட்டம்.

கவின்: 😂😂 சரி, ‘மூக்கு ரன் ஆகுது’ என்கிறார்களே, அது?

சங்கர்: அது புதிதாக வந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று ஒரு வினை. ஆள் ஓடினாலும் தண்ணீர் ஓடினாலும் அதுவே. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய ‘ரென்னா’வும் வந்து கலந்தது. ஜெர்மனில் இன்றைக்கும் இரண்டு தனித்தனி வினைகள்: ஆள் ஓடினால் ‘ரென்னன்’, தண்ணீர் வழிந்தால் ‘ரின்னன்’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

லதா: நமக்கும் காவிரி ஓடும். மூக்கு மட்டும் ஒழுகும்.

சங்கர்: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்குப் பொருள் அதிகம் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’தான் ராஜா, 430 பொருள். பிறகு திருத்தும்போது பீட்டர் கில்லிவர் என்ற தொகுப்பாசிரியர் ‘ரன்’னைக் கையில் எடுத்தார். 9 மாதம் அதிலேயே கிடந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது!

மீனா: அடேங்கப்பா. ஒரு சொல்லுக்கா?

சங்கர்: எந்திரங்கள் செய்த வேலை. ரயில், மோட்டார், கணினி நிரல் என்று எது வந்தாலும் ஆங்கிலத்தில் அது ‘ரன்’ ஆனது. பத்திரிகையில் செய்தி போடுவதும் ‘ரன்’, கடை நடத்துவதும் ‘ரன்’.

மீனா: அப்படியானால் அவர்கள் கடையை ஓட வைக்கிறார்கள், நாம் நடக்க வைக்கிறோம். நட, நடத்து!

தாத்தா: நாமும் ஓட்டுவோம் அம்மா, வியாபாரம் படுத்தால். ‘ஜவுளிக்கடை நடத்துகிறார்’ என்றால் மரியாதை. ‘எப்படி இருக்கு வியாபாரம்’ என்று கேட்டு, ‘ஏதோ ஓட்டிக்கிட்டு இருக்கேன்’ என்று பதில் வந்தால் கடன் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

லதா: மாமா 😂 அனுபவமா?

தாத்தா: இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

கவின்: கிரிக்கெட் ரன்?

சங்கர்: அதுவாவது நிஜமாகவே ஓடி எடுப்பது. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலே 4 ரன்.

மீனா: போதும் அண்ணா. 645-ஐயும் கேட்பான். நாளைக்கு அவனுக்குக் கணக்குப் பரீட்சை.