டாப் கியர்: உங்களுக்கு எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது? (அனுபவப் பகிர்வு)

கோயம்புத்தூரிலிருந்து:

பிபிசியின் கார் நிகழ்ச்சியான ‘டாப் கியர்’ முழுக்க முழுக்க எழுதி வைத்து நடித்த நாடகம் என்று ஒரு சாரார் சொல்வதும், ஓடுகிற கார் உண்மையானது, பேச்சை எழுதி வைத்தால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று மறு சாரார் கேட்பதும் நம்மிடையே தீராத வழக்காகவே இருக்கிறது. வெறும் கருத்தை வைத்துக்கொண்டு மோதுவதைவிட, அந்த நிகழ்ச்சியைப் பார்த்தபோதும் அதனருகே போனபோதும் நமக்கு ஏற்பட்ட அனுபவங்களை எழுதினால் பயனுண்டு என்று தோன்றுவதால், முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வண்டிப் பட்டறை நடத்துபவன். 1977இல் பர்மிங்காமில் தொடங்கிய பழைய வடிவத்தை நான் பார்த்ததில்லை. 2002இல் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் சேர்ந்து புதுப்பித்த வடிவம்தான் எனக்குத் தெரிந்த டாப் கியர். 2003இல் ஒளிபரப்பான டொயோட்டா ஹைலக்ஸ் பகுதியை, அது வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, பட்டறையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். 1988ஆம் ஆண்டு டீசல் பிக்கப் ஒன்றைப் படிக்கட்டுகளில் இறக்கினார்கள், மரத்தில் மோதினார்கள், ஓதம் ஏறும் கடற்கரையில் கட்டிப்போட்டு மூழ்கடித்தார்கள், தீ வைத்தார்கள், கடைசியில் தகர்க்கப்படவிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றிவைத்துக் கட்டடத்தோடு சேர்த்துச் சாய்த்தார்கள். உதிரிபாகம் எதையும் மாற்றாமல், சாதாரணக் கருவிகளைக் கொண்டு மட்டுமே ஒவ்வொரு முறையும் அதைக் கிளப்ப வேண்டும் என்பது விதி. கடலில் கட்டிய கயிறு அறுந்து வண்டியே காணாமல் போனதையும் காட்டினார்கள்.

எங்கள் மூத்த மெக்கானிக் அந்தப் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பழைய டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தேவையில்லை என்பதால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை வெளியே தள்ளி, ஆயிலையும் டீசலையும் சுத்தம் செய்துவிட்டால் அது ஓடத்தான் செய்யும் என்று அவரே விளக்கினார். நம்பாமல் இருக்க அதில் அவருக்கு எதுவும் தென்படவில்லை. இதே மனிதர்தான், 2010இல் வந்த ரிலையன்ட் ராபின் பகுதியைப் போட்டபோது பாதியிலேயே எழுந்து போய்விட்டார். முன்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட அந்த மூன்று சக்கரக் காரைக் கிளார்க்சன் ஷெஃபீல்டிலிருந்து ஓட்டிவர, திருப்பத்துக்குத் திருப்பம் அது கவிழ்ந்து விழுகிறது. நம் ஊர் ஆட்டோவுக்கும் அதே அமைப்புத்தானே, இப்படியா விழுகிறது, எங்கேயோ எடை ஏற்றியிருக்கிறார்கள் என்றார் அவர். 2016இல் கிளார்க்சனே தம் பத்திரிகைப் பத்தியில், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கவிழும்படியாக டிஃபரன்ஷியலை (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் பற்சக்கர அமைப்பை) மாற்றச் சொன்னதாக எழுதிவிட்டார். எடை இல்லை என்றாலும், வண்டியில் கை வைத்திருக்கிறார்கள் என்பதை எங்கள் ஆள் ஆறாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

எனவே என் கணக்கு எளிமையானது. ஆட்கள் என்ன வேண்டுமானாலும் நடித்துக்கொள்ளட்டும். வண்டியை நடிக்க வைத்தால் அங்கே நான் எழுந்துவிடுவேன்.

கில்ட்ஃபோர்டிலிருந்து, இங்கிலாந்து:

வணக்கம் அண்ணா. ராபின் பகுதியில் உங்கள் மெக்கானிக் எழுந்து போனதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும். கார் கவிழ்ந்து கிடக்கும் தெருக்களில் தற்செயலாக நடந்துபோவதுபோல் வந்து தூக்கி நிறுத்துபவர்களில் ஒருவர், கிரிக்கெட் நடுவர் டிக்கி பேர்ட். தற்செயலுக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நான் வேலை செய்யும் ஊரிலிருந்து, டாப் கியர் படமாக்கப்பட்ட டன்ஸ்ஃபோல்டு விமான ஓடுதளம் அதிகத் தொலைவில் இல்லை. அனுமதிச் சீட்டுக்கு அப்போது காசு கிடையாது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது, நாங்களும் மறந்தே போகும் அளவுக்குக் காத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும், ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த பழைய போயிங் 747தான் முதலில் கண்ணில் பட்டது. ஒளிப்பதிவு நடந்தது ஒரு பெரிய கொட்டகையில். இருக்கைகள் தொகுப்பாளர்களுக்கு மட்டும்தான். பார்வையாளர்கள் முழு நேரமும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. என் உயரத்துக்கு, முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு இடையே தெரிந்ததைவிட மேலே தொங்கிய திரையில் தெரிந்ததே அதிகம். உங்கள் ஹைலக்ஸ் அங்கேதான் ஒரு மேடையில், நசுங்கிய கூரையோடும் துருவோடும் நின்றது. கூட்டம் நகர்ந்த ஒரு சமயத்தில் அருகே போய்ப் பார்த்தேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, கருகிப்போன உட்புறம். அதை யாரும் வண்ணம் பூசி உருவாக்கியிருக்க முடியாது.

பேச்சு எழுதப்பட்டதா என்றால், ஆம், ஐயமே இல்லை. ஒரு காரை அறிமுகப்படுத்தும் வசனம் தடுமாறியதும், தள மேலாளர் கையை உயர்த்த, அதே வசனம் அதே ஏற்ற இறக்கத்தோடு மறுபடியும் வந்தது. எங்களையும் மறுபடியும் சிரிக்கச் சொன்னார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் தொகுப்பாளர்களான கிளார்க்சன், ஹேமண்ட், மே மூவரும் பழைய கார் இருக்கைகளில் அமர்ந்து செய்தி பேசும் பகுதி வேறு மாதிரி இருந்தது. கையில் குறிப்புகள் இருந்தாலும், ஒருவர் எடுத்த பேச்சை மற்றவர் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனார். அது நெடுநேரம் நீண்டது. பிறகு தொலைக்காட்சியில் பார்த்தபோது அதன் பெரும்பகுதி வெட்டப்பட்டிருந்தது, நான் அதிகம் சிரித்த இடம் உட்பட.

அன்று என்னைக் கட்டிப்போட்டது, விருந்தினராக வந்த பிரபலம் பந்தயத் தளத்தில் நேரம் கணக்கிட்டு ஓட்டிய சுற்றுதான். அதை முன்னதாகவே படம் பிடித்து வைத்திருந்தார்கள். சுசுகி லியானா, பிறகு செவ்ரோலே லசெட்டி, கியா சீட் என்று அந்தந்தக் காலத்தில் ஒரே சாதாரணக் காரில்தான் எல்லா விருந்தினரும் ஓட்ட வேண்டியிருந்தது. பேட்டி சொல்லிவைத்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. நேரத்தை அறிவிக்கும் கட்டம் வந்ததும் விருந்தினரின் முகம் மாறிவிட்டது. பலகையில் தம் பெயர் எந்த இடத்தில் ஒட்டப்படும் என்று பள்ளிக்கூடப் பையனைப்போல் எட்டிப் பார்த்தார். நிறுத்துக் கடிகாரம் சொன்ன எண்ணை எந்த எழுத்தாளரும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணா சொன்ன கணக்கோடு இது ஒத்துப்போகிறது என்றே நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து:

தொலைக்காட்சியில் கார் மதிப்புரை நிகழ்ச்சி ஒன்றில் உதவியாளனாக இருந்தவன் என்ற முறையில் சிறிது மாறுபடுகிறேன். நிகழ்ச்சியின் பெயர் வேண்டாம். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேமராவைப் பொருத்திக்கொண்டு காருக்காகக் காத்திருப்போம். கார் வந்து சேர்வதற்கு முன்பே, “நகருக்குள் ஓட்ட ஏற்றது, நெடுஞ்சாலையில் சற்றே திணறுகிறது” என்ற முடிவுரை தாளில் தயாராக இருக்கும். வெளிச்சம் போய்விடும், வண்டியை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால்தான் அது அப்படி எழுதப்பட்டது. அதில் சூது ஒன்றும் இல்லை. ஆனால் ஒருநாள் அந்தக் கார் நெடுஞ்சாலையில் அருமையாகவே ஓடியது. அப்போதும் தாளில் இருந்ததே வாசிக்கப்பட்டது.

அதனால்தான் மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா பிபிசி மேல் தொடுத்த வழக்கை நான் உன்னிப்பாகப் பின்தொடர்ந்தேன். 2008 டிசம்பரில் ஒளிபரப்பான பகுதியில், ரோட்ஸ்டர் கார் மின்சாரம் தீர்ந்து கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகப்படுவதாகக் காட்டினார்கள். ஓடுதளத்தில் 55 மைலுக்குள் தீர்ந்துவிடும் என்றும் சொன்னார்கள். மின்கலத்தின் அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேயில்லை, காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பது டெஸ்லாவின் வாதம். 2011இல் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 2013இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். பந்தயத் தளத்தில் காரை விரட்டும்போது கிடைக்கும் தூரம்தான் சாதாரணச் சாலையிலும் கிடைக்கும் என்று எந்த நியாயமான பார்வையாளரும் எண்ணமாட்டார் என்பது தள்ளுபடிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தள்ளிக்கொண்டு போனது உண்மை நிலையா நடிப்பா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை என்பது என் எண்ணம். 2011இல் நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நின்றுபோனபோதும் இதே கதைதான்: முழு அளவு மின்சாரம் இல்லாமலேயே பயணம் தொடங்கியது என்று காரின் பதிவுகளைக் காட்டி நிசான் சொன்னது. ராபினைப் பார்த்து யாரும் கார் வாங்கும் முடிவை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மின்சாரக் கார் அப்படியல்ல. அன்று அதைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததே மிகக் குறைவு. என் கோபம் ராபின் பகுதி மேல் இல்லை, லீஃப் பகுதி மேல்தான்.

இன்னொன்று, பட வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது கேமரா எங்கே நிற்கிறது என்பதைத்தான். 2011 டிசம்பரில் வந்த இந்தியப் பயணத்தில், பிரிட்டிஷ் பொருள்களைப் புகழும் நீளமான பதாகையை ரயில் பெட்டிகளின் மேல் ஒட்டுகிறார்கள். பெட்டிகள் பிரிந்ததும் பதாகை கிழிந்து, மிஞ்சிய எழுத்துகள் ஆபாசமாகப் படிக்கப்படுகின்றன. பெட்டிகள் எங்கே பிரியும் என்பது தெரியாமல் எழுத்துகளை அப்படி அடுக்க முடியாது. கேமராவும் சரியாக அந்த இணைப்பை நோக்கியே காத்திருக்கிறது. ஜாகுவார் காரின் பின்புறம் கழிப்பறை பொருத்தியது உள்ளிட்டவற்றுக்கு லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் கண்டனம் தெரிவித்தது நினைவிருக்கும். எனக்கு அது அவமதிப்பு என்பதைவிடச் சோம்பல் என்றே பட்டது. மும்பையிலிருந்து இமயம் வரை போகும் சாலையில் பழைய ரோல்ஸ் ராய்ஸும் மினியும் என்ன பாடுபடும் என்பதைக் காட்டினாலே போதுமானதாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, லீஃப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மின்சார வண்டி வாங்க வருபவர்கள் வழியில் நின்றுவிடுமாமே என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது, பிபிசியை விட்டு வெளியேறிக் கிளார்க்சனும் கூட்டாளிகளும் 2016இல் அமேசானில் தொடங்கிய ‘தி கிராண்ட் டூர்’ நிகழ்ச்சியில்தான். அழைக்கப்பட்ட பிரபலம் படப்பிடிப்புக் கூடாரத்துக்குள் வருவதற்கு முன்பே வெளியே ‘இறந்துபோவதாக’ ஒரு நகைச்சுவையை வாராவாரம் செய்தார்கள். முதல் வாரம் சிரித்த என் மனைவி, அடுத்த வாரமே கைபேசியை எடுத்துக்கொண்டார். முதல் பருவத்தோடு அதைக் கைவிட்டு, 2019இல் கூடாரத்தையே மடித்துவிட்டு, நெடும்பயணங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2024இல் ஜிம்பாப்வேயில் தொடங்கிப் போட்ஸ்வானாவின் உப்புநிலத்தில் முடிந்த கடைசிப் பயணத்தில் பேச்சு குறைந்து வண்டிச் சத்தம் கூடியிருந்தது. தொகுப்பாளர்கள் மூவரும் தங்கள் திரைப் பாத்திரங்களை அளவுக்கு மீறி நடிக்கிறார்கள் என்பதை வில்மனே 2009இல் ஒப்புக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், நோய் தெரிந்தும் மருந்து எடுக்க இத்தனை ஆண்டுகளா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே கிளார்க்சன் தம் பண்ணையில் எடுக்கும் தொடரை இங்கே யாரும் ‘செட்டப்’ என்று குறை சொல்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். அங்கேயும் வசனம் இருக்கிறது, மறுபடியும் எடுத்த காட்சிகளும் இருக்கும். ஆனால் மழை அவர் சொல்படி கேட்கவில்லை, விதைப்பு தவறிப்போனது, ஆண்டு முடிவில் பண்ணை ஆலோசகர் வந்து லாபம் 144 பவுண்டு என்றபோது அவர் முகம் போன போக்கு, எங்கள் வீட்டில் அனைவரையும் உட்காரவைத்துவிட்டது.

நான் கேட்க விரும்புவது வேறு. 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில் மோர்கன் மூன்று சக்கரக் காரில், டாப் கியரின் பிற்காலத் தொகுப்பாளரும் முன்னாள் கிரிக்கெட் வீரருமான ஃபிளின்டாஃப் கடுமையாகக் காயமடைந்த பிறகு, 2023இல் பிபிசி டாப் கியரை நிறுத்திவைத்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்து எடுத்தால் இப்படிப்பட்ட ஆபத்து இருக்காது அல்லவா?

சென்னையிலிருந்து:

சிங்கப்பூர் நண்பருக்கு: படப்பிடிப்பில் இரண்டு வேறு தாள்கள் உண்டு. ஒன்று வசனத் தாள். மற்றொன்று, யார் எந்த வேகத்தில் எந்தப் பாதுகாப்புக் கவசத்தோடு ஓட்ட வேண்டும், எந்தத் தூரத்தில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்பவற்றைக் குறிக்கும் அபாயக் கணிப்பு. முதலாவது கெட்டியாக இருப்பதால் இரண்டாவதும் கெட்டியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2006இல் எல்விங்டன் விமானத் தளத்தில் ஹேமண்ட் ஜெட் காரில் மணிக்கு 288 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்சக்கர டயர் வெடித்ததே, அதற்கும் வசனத்துக்கும் சம்பந்தமில்லை. நாம் இங்கே குறை சொல்வது வசனத் தாள் வண்டி வரை நீண்டுவிட்டதைத்தான்; மற்றத் தாளில் ஒரு வரியையும் குறைக்கச் சொல்லி நானறிந்த எந்தக் கேமராமேனும் கேட்டதில்லை.